அகத்துக்குள்ள ஒரு பொங்குமாங்கடல்

முதல்லயே சொல்லிடுறேன். அகம் இசைக்குழுவோட ரெண்டாவது ஆல்பம் 'எ ட்ரீம் டு ரிமெம்பர்' என்னைப் பிடிச்சு ஆட்டுற மாதிரி நம்ம பக்கத்து ராக் இசையில வேற எதுவும் ஆட்டினதில்லை. இதை யார் கேட்டாலும் சொல்லுவேன், கேட்காட்டியும் சொல்லுவேன். தென்காசி பஸ் ஸ்டாண்டுல முன்னப்பின்ன தெரியாத ஒருத்தர்கிட்ட இயர்போன்ல ஒண்ணைக் கழட்டி நீட்டி, "அண்ணாச்சி, இந்த ஒரு இடம் மட்டும் கேட்டுட்டுப் போங்க"ன்னு நின்னவன் நான். அவரும் கேட்டார். குற்றாலம் பஸ் வந்து நின்னு, கிளம்பியும் போயிருச்சு, மனுஷன் ஏறலையே!

அகம் பெங்களூரு பசங்க. ஆபீஸ் வேலையையும் பார்த்துக்கிட்டு ராத்திரியில வாசிச்சு வளர்ந்தவங்க. 2012ல முதல் ஆல்பம் 'த இன்னர் செல்ஃப் அவேக்கன்ஸ்' வந்தப்ப எனக்குத் தலைகால் புரியலை. தியாகராஜரோட 'பண்டுரீதி கோலு' கீர்த்தனையை, அந்த ஹம்சநாதத்தை, உறுமுற கிடாருக்கு நடுவுல நிறுத்தி 'ஸ்வான்ஸ் ஆஃப் சரஸ்வதி'ன்னு பேரும் வச்சாங்க பாருங்க, அந்தத் துணிச்சல் ஒண்ணே போதும்னு இருந்துச்சு. அது இளவட்டத்தோட ஆல்பம். கிடார், டிரம்ஸ், கீபோர்டு, வயலின் எல்லாருக்கும் ஒரே நேரத்துல பேச ஆசை, எல்லாரும் பேசுறாங்க, அதுலயும் ஒரு அழகு இருக்கத்தான் செய்யுது. ஆனா 2017ல வந்த ரெண்டாவது ஆல்பத்துல நடந்தது வேற.

குற்றாலம் பேரருவியை அண்ணாந்து பார்த்திருப்பீங்க. சித்தாறு மேல இருந்து நேரா நம்ம தலையில விழுறதில்லை. பாதிப் பாறையில பொங்குமாங்கடல்னு ஒரு ஆழமான பள்ளம், அதுக்குள்ள விழுந்து, சுழன்று, வேகம் அடங்கி, பொங்கி வழிஞ்சுதான் கீழ வருது. அந்தப் பள்ளம் மட்டும் இல்லேன்னா ஒருத்தராலயும் அருவிக்கு அடியில நிக்க முடியாது. இந்தப் பசங்களுக்கு அந்த அஞ்சு வருஷத்துல அப்படி ஒரு பொங்குமாங்கடல் கிடைச்சிருக்கு! தண்ணி அதே தண்ணிதான், ஒரு சொட்டு குறையலை, ஆனா இப்ப அதுக்கு அடியில நின்னு குளிக்கலாம்.

சரி, இப்ப கண்ணை மூடிக்கோங்க. ஜூலை மாசம். காசி விஸ்வநாதர் கோயில் கோபுர வாசல்ல ஆளைத் தள்ளுற அந்தக் காத்தை வாங்கிட்டு பஸ் ஏறியாச்சு, ஜன்னல் சீட், மேலகரம் தாண்டுறதுக்குள்ள மலை முழுக்க மேகம், வெயில் அடிக்குது, கூடவே சாரலும் அடிக்குது, கம்பியில முத்து முத்தா தண்ணி, இப்ப 'சாகர சயன விபோ'வைப் போடுங்க. பாகேஸ்ரீ ராகம், எம்.டி. ராமநாதன் இயற்றினது. பாலக்காட்டுச் சீமையில பிறந்து, அவசரம்னா என்னன்னே தெரியாம பாடின மகா மனுஷன். அதை இன்னிக்குப் பாடுற ஹரீஷ் சிவராமகிருஷ்ணனும் அந்தப் பக்கத்துக்காரர்தான். மெதுவா, மெதுவா ஆரம்பிக்கிறார். கிடாரைக் காணோம், டிரம்ஸைக் காணோம், எங்கப்பா போனாங்கன்னு தேடுறோம். அவங்க இருக்காங்க, காத்துக்கிட்டு இருக்காங்க! அந்தக் காத்திருப்பு இருக்கே, அதுதான், அதேதான், முதல் ஆல்பத்துல இல்லாதது. குரல் ஒவ்வொரு சுரத்தையும் தடவித் தடவி இறங்குது, பேஸ் கிடார் அடியில ஒரு இழை போடுது, தபலாவா டிரம்ஸான்னு பிரிச்சுச் சொல்ல முடியாத தாளம் மெல்ல எழும்புது, இன்னும் வரலை, இன்னும் வரலைன்னு நான் முன் சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன், மலை கிட்ட வருது, அப்ப பிரவீன் குமாரோட கிடார் திறக்குது பாருங்க, ஐயோ, உடம்பெல்லாம் புல்லரிச்சு, கண்ணுல தண்ணி, வாய்விட்டுக் கத்திட்டேன், கண்டக்டர் திரும்பிப் பார்த்தார், பார்க்கட்டுமே! அப்படி ஒரு சத்தம் மனுஷன் தொண்டையில இருந்து தானா வருதுன்னா அது அந்தப் பாட்டோட மகிமை.

அடுத்து 'மிஸ்ட் ஆஃப் கேப்ரிகார்ன்'. தியாகராஜரோட 'மனவியாலகிஞ்சரா', நளினகாந்தி. கச்சேரியில ஓட்டமா ஓடுற கீர்த்தனை, இங்க கோரஸும் சேர்ந்து மலை உயரத்துக்கு எழும்பி நிக்குது. 'ரங்கபுர விஹாரா'வில தீட்சிதரோட பிருந்தாவன சாரங்கா, எம்.எஸ். குரல்லயே அதைக் கேட்டு வளர்ந்த எங்க வீட்டுப் பெரியவங்க "பரவாயில்லையே"ன்னாங்க. அதை விடப் பெரிய விருது எனக்குத் தெரியலை. 'கூத்து ஓவர் காபி'யைப் பத்தித் தனியா ஒரு கட்டுரையே எழுதணும். கோயில் கொடையில நையாண்டி மேளம் கேட்டு வளர்ந்த ஊர்க்காரன் நான், கூத்துன்னு பேரைப் பார்த்ததுமே காலு தானா ஆடிருச்சு. ஒண்ணு ரெண்டு இடத்துல வாத்தியங்கள் நெருக்கியடிச்சு நிக்குதுங்கிறாங்க. இருக்கலாம், ஐந்தருவியில சீசன் நேரத்துல கூட்டம் இல்லாமலா இருக்கும்?

இந்தச் சத்தத்துக்கும் எங்க ஊருக்கும் உறவு இல்லேன்னு யாரும் சொல்லிட முடியாது. எங்களுக்குப் பக்கத்துல இருக்கிற செங்கோட்டை 1956 வரைக்கும் திருவிதாங்கூரோட சேர்ந்த ஊர். அகம் வாசிக்கிற தனஸ்ரீ தில்லானா, அந்தத் திருவிதாங்கூரை ஆண்ட சுவாதித் திருநாள் செஞ்சது. ஆரியங்காவுக் கணவாய் வழியா அந்தப் பக்கத்து மழைதானே இங்க சாரலா வந்து விழுது, பாட்டு மட்டும் வராமலா போகும்?

அதனால ஆண்டுதோறும் குற்றாலத்துல சாரல் விழா நடத்துற பெரியவங்களுக்கு ஒரு விண்ணப்பம். ஒரே ஒரு வருஷம், ஒரே ஒரு சாயங்காலம், கலைவாணர் அரங்க மேடையை இந்தப் பசங்களுக்குக் குடுங்க. போஸ்டர் ஒட்டுற வேலை, நாற்காலி தூக்குற வேலை, எதுன்னாலும் சொல்லுங்க, தென்காசியில இருந்து நடந்தே வந்துடுறேன்.