மக்கும் ட்ரோன்: மக்குவது எது?

2014-ல் ஸ்டான்ஃபோர்ட், பிரவுன், ஸ்பெல்மன் மாணவர்கள் நாசா ஏம்ஸின் லின் ராத்ஸ்சைல்ட் வழிகாட்டலில் 'மக்கும் ட்ரோன்' செய்து பாஸ்டனில் ஐஜெம் போட்டி சமயத்தில் பறக்கவிட்டார்கள். உடல் பூஞ்சை இழையில் வளர்த்தது, மேல்தோல் பாக்டீரியா தந்த செல்லுலோஸ். தண்ணீர் ஊறாமல் இருக்க, காகிதக் குளவியின் எச்சில் புரதம். குளவி தன் கூட்டை மழையில் காப்பாற்றும் அதே வித்தை! அபாரமான யோசனை.

விழுந்தால் தடயமே இல்லாமல் கரைஞ்சிடும்னு செய்திகள் வந்தன. அங்கேதான் இடிக்குது. புரொப்பெல்லர், கன்ட்ரோல், பேட்டரி எல்லாம் சாதாரண குவாட்காப்டரில் இருந்து எடுத்து மாட்டியவை. பவளப்பாறை மேல் விழுந்தால் கூடு மக்கும், பேட்டரி அப்படியே கிடக்கும். நாம் பயப்பட வேண்டியதே அந்த பேட்டரிக்குத்தானே? இன்னொன்று, பறக்கும்போது நனையக் கூடாது, விழுந்ததும் நனைந்து மக்கணும். ஒரே பூச்சு இரண்டையும் எப்படிச் செய்யும்?

2022-ல் ஸ்விட்சர்லாந்தின் ஈ.பி.எஃப்.எல். குழு பொரி அரிசி பிஸ்கட்டை ஜெலட்டினால் ஒட்டி ட்ரோன் இறக்கை செய்தது. ஆபத்தில் சிக்கியவருக்கு உணவாக. மொத்த எடையில் பாதியைச் சாப்பிடலாம் என்றார்கள். மீதிப் பாதி உணவில்லை என்பது அந்தக் கணக்கிலேயே இருக்கு. பூஞ்சை ட்ரோனுக்கும் எத்தனை கிராம் மக்கும், எத்தனை கிராம் மக்காது என்று முதல் வரியிலேயே சொல்லியிருக்கணும்.