ஸ்டூடியோ நாற்காலியும் ஜாஸ் டிரம்பெட்டும்: கிளார்க் டெர்ரியை முன்வைத்து

ஜாஸ் டிரம்பெட்டின் வரலாறு, சொந்தப் பெயரில் இசைத்தட்டு வெளியிட்டவர்களின் வரலாறாகவே பெரும்பாலும் எழுதப்பட்டிருக்கிறது. லூயி ஆம்ஸ்ட்ராங், டிஸ்ஸி கில்லெஸ்பி, மைல்ஸ் டேவிஸ் என அந்த வரிசை நீளும். பகலில் விளம்பர இசை, மாலையில் தொலைக்காட்சி நிகழ்ச்சி, இரவில் கிளப் என்று வாசித்தவர்களுக்கு அதில் ஓரிரு வரிகளே கிடைக்கின்றன. ஸ்டூடியோ வேலை வயிற்றுப்பிழைப்பு, கிளப்பில் வாசிப்பதே கலை என்ற பாகுபாடுதான் காரணம். கிளார்க் டெர்ரியின் வாழ்க்கை இந்தப் பாகுபாட்டை ஏற்க விடுவதில்லை.

டெர்ரி 1920 டிசம்பர் 14 அன்று மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகரில் ஏழைக் கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தார். டிரம்பெட் வாங்க வழியில்லாத அந்தச் சிறுவன் தோட்டத்து ரப்பர் குழாயைச் சுருட்டிக் கட்டி, ஒரு முனையில் புனலையும் மறுமுனையில் ஈயக் குழாய்த் துண்டையும் பொருத்தி ஊதினான். சத்தம் பொறுக்காத அக்கம்பக்கத்தார் 12.50 டாலர் திரட்டி, அடகுக்கடையிலிருந்து பழைய டிரம்பெட் ஒன்றை வாங்கிக் கொடுத்தார்கள். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கடற்படை இசைக்குழு; பிறகு 1948 முதல் 1951 வரை கவுண்ட் பேசியிடமும், 1951 முதல் 1959 வரை டியூக் எலிங்டனிடமும் வாசித்தார். பேசியின் குழு தமக்குப் பள்ளிக்கூடம், எலிங்டனின் குழு பல்கலைக்கழகம் என்று டெர்ரி சொல்வதுண்டு.

அந்தப் படிப்பு எதற்குப் பயன்பட்டது என்பதைப் பார்க்க ஸ்டூடியோவின் நடைமுறை தெரிய வேண்டும். அமெரிக்க இசைக் கலைஞர் சங்க விதிப்படி ஒரு ரிக்கார்டிங் அமர்வு வழக்கமாக மூன்று மணி நேரம். வாசிக்க வேண்டிய தாள் அன்றைக்குத்தான் கைக்கு வரும். ஓரிரு முறை ஒத்திகை பார்த்ததும் பதிவு தொடங்கிவிடும். டிரம்பெட் வரிசையில் உச்ச ஸ்வரங்களை வாசிப்பவர் லீட் டிரம்பெட். ஒரு ஸ்வரத்தை எங்கே நிறுத்துவது, எவ்வளவு அதிரவிடுவது, எங்கே மூச்செடுப்பது என்பதையெல்லாம் அவர் வாசிப்பைக் கேட்டே மற்றவர்கள் முடிவு செய்கிறார்கள். உதடு வீங்கினாலும் மூன்றாம் மணி நேரத்தின் கடைசி டேக்கில் உச்ச ஸ்வரம் பிசகக் கூடாது. ஸ்விங் என்பதை எந்தத் தாளிலும் முழுமையாக எழுதிவிட முடியாது. ஆண்டுக்கணக்கில் பெரிய இசைக்குழுக்களில் வாசித்தவர்களுக்கே அது கைவரும். அதனால்தான் ஸ்டூடியோக்களுக்கு ஜாஸ்காரர்கள் தேவைப்பட்டார்கள்.

தேவை இருந்தும் கறுப்பினத்தவருக்குக் கதவு திறக்கவில்லை. லாஸ் ஏஞ்சலிஸில் வெள்ளையருக்கு 47ஆம் எண் கிளை, கறுப்பினத்தவருக்கு 767ஆம் எண் கிளை என்று சங்கமே இரண்டாகப் பிரிந்து கிடந்தது. பட ஸ்டூடியோ வாய்ப்புகளில் மிகப் பெரும்பாலானவை முதல் கிளைக்கே போயின. படி கொலெட் போன்ற கலைஞர்கள் போராடி, 1953இல் இரண்டு கிளைகளையும் இணைக்க வைத்தார்கள். நியூயார்க்கில் என்பிசி ஒளிபரப்பு நிறுவனம் 1960இல்தான் முதன்முதலாகக் கறுப்பின இசைக்கலைஞர் ஒருவரை நிரந்தரப் பணியில் சேர்த்தது. அவர் கிளார்க் டெர்ரி. நிலையான சம்பளத்துடன் அவர் உட்கார்ந்த அந்த நாற்காலி ஒரு குடிமை உரிமை வெற்றி. அதைக் கலையிலிருந்து இறங்கிப்போனதாகச் சொல்வது அந்தப் போராட்டத்தையே மறப்பதாகும்.

என்பிசியின் ‘டுநைட் ஷோ’ தொலைக்காட்சி நிகழ்ச்சியின் இசைக்குழுவில் வாசித்த அதே ஆண்டுகளில் டெர்ரி, டிராம்போன் கலைஞர் பாப் புரூக்மேயருடன் சேர்ந்து ஐவர் குழு ஒன்றை நடத்தினார். நியூயார்க்கின் ஹாஃப் நோட் கிளப்பில் அவர்கள் வாசித்தார்கள். நிலையான வருமானம் இருந்ததால் சந்தைக்காகத் தம் பாணியை மாற்றிக்கொள்ள வேண்டிய கட்டாயம் அவருக்கு இருக்கவில்லை. டிரம்பெட்டைவிட மென்மையாக ஒலிக்கும் ஃப்ளூகல்ஹார்னை ஜாஸில் நிலைநிறுத்தியவர்களில் அவர் முதன்மையானவர். சில சமயம் ஒரு கையில் டிரம்பெட்டும் மறு கையில் ஃப்ளூகல்ஹார்னுமாக ஏந்தி, தம்மோடு தாமே கேள்வி பதில் வாசிப்பார். 1964இல் ஆஸ்கர் பீட்டர்சன் குழுவோடு பதிவு செய்த ‘மம்பிள்ஸ்’ பாட்டில், பழைய ப்ளூஸ் பாடகர்களைப் போலச் சொற்களை வாய்க்குள்ளேயே மென்று பாடினார். விளையாட்டாகச் செய்த அந்தப் பாட்டுதான் அவர் பெயரைப் பரவலாக்கியது.

ஸ்டூடியோ கலைஞர்களில் டெர்ரியைப் போல மேடையிலும் பெயர் பெற்றவர்கள் குறைவு. அவருடன் என்பிசியில் வாசித்த ஸ்னூக்கி யங், ஜிம்மி லன்ஸ்ஃபோர்டின் குழுவில் உருவான லீட் டிரம்பெட் கலைஞர். அவர் 1992 வரை ‘டுநைட் ஷோ’ குழுவிலேயே இருந்தார். ஹாலிவுட்டில் ‘பீட்டர் கன்’ தொலைக்காட்சித் தொடருக்கான ஹென்றி மான்சினியின் இசைக்கு லீட் வாசித்த கான்ராட் கோஸோ 1964இல், 42 வயதில் இறந்தார். லண்டனின் டெரெக் வாட்கின்ஸ், 1962இல் வந்த ‘டாக்டர் நோ’ முதல் 2012இல் வந்த ‘ஸ்கைஃபால்’ வரை ஜேம்ஸ் பாண்ட் படங்களுக்கெல்லாம் வாசித்தவர்.

இவர்களில் யூவன் ரேஸியை நின்று கேட்க வேண்டும். எம்ஜிஎம் ஸ்டூடியோவின் முதன்மை டிரம்பெட் கலைஞராக இருந்த அவர், 1974இல் வந்த ‘சைனாடவுன்’ படத்தின் சோலோவை வாசித்தார். ஜெர்ரி கோல்ட்ஸ்மித் பத்தே நாளில் முடித்த இசை அது. நான்கு பியானோ, நான்கு ஹார்ப், தாளவாத்தியக்காரர் இருவர், தந்தி வாத்தியங்கள், இத்தனைக்கும் நடுவே ஒரே ஒரு டிரம்பெட். மெட்டு கோல்ட்ஸ்மித்துடையது. ஸ்வரத்தைச் சற்றுத் தாமதித்துத் தொட்டு, அதன் முடிவில் தளர்ந்துவிடும் அந்தச் சோகம் ரேஸியின் மூச்சில் பிறந்தது. படத்தை நினைப்பவர்கள் அந்த ஒலியோடுதான் நினைக்கிறார்கள்.

1958இல் நடந்த இசைக்கலைஞர்களின் வேலைநிறுத்தத்துக்குப் பின் ஹாலிவுட் ஸ்டூடியோக்களின் நிரந்தர இசைக்குழுக்கள் கலைந்தன. 1972இல் ‘டுநைட் ஷோ’ கலிஃபோர்னியாவுக்கு இடம்பெயர்ந்தபோது டெர்ரி நியூயார்க்கிலேயே தங்கிவிட்டார். பிறகு சின்தசைசர் வந்து ஊதுவாத்திய வரிசையின் வேலையைக் குறைத்தது. டெர்ரி கற்பிப்பதில் கூடுதலாக இறங்கினார். வெகு முன்பே சியாட்டிலில் சிறுவன் குவின்ஸி ஜோன்ஸுக்குச் சொல்லிக்கொடுத்ததில் தொடங்கி, நீரிழிவால் பார்வை மங்கிக் கால்களை இழந்த பிறகும் படுக்கையிலிருந்தபடியே பாடம் நடத்தினார். 2015 பிப்ரவரி 21 அன்று காலமானார்.

ஜாஸ் வரலாற்றை இனி எழுதுபவர்கள் இசைத்தட்டின் உறையோடு நின்றுவிடாமல் ஸ்டூடியோ வருகைப் பதிவேடுகளையும் சங்க ஆவணங்களையும் புரட்ட வேண்டும். யார் எந்த நாற்காலியில் உட்கார்ந்தார், யார் உட்கார விடப்படவில்லை என்பது அங்கேதான் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டில் கோடிக்கணக்கானோர் முதன்முதலில் கேட்ட ஜாஸ் டிரம்பெட், பெயர் தெரியாத ஒரு ஸ்டூடியோ கலைஞருடையதாக இருந்திருக்கலாம். அந்தப் பெயர்களைச் சேர்க்காத வரலாறு பாதி வரலாறுதான்.