கறுப்பர் நகரமும் அதன் வரைபடங்களும்: பெயர்த்தொடர்ச்சி என்னும் வாசிப்புச் சிக்கல்

ஆய்வுச் சுருக்கம்

சென்னை ஜார்ஜ் டவுன் பகுதியின் வரலாற்றை எழுதுவோர் 18, 19ஆம் நூற்றாண்டு வரைபடங்களை முதன்மைச் சான்றாகக் கையாளுகின்றனர். 'கறுப்பர் நகரம்' என்னும் பெயர் 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முன்னும் பின்னும் இருவேறு நிலப்பரப்புகளைக் குறித்தது. இதனைக் கருத்திற்கொள்ளாமல் வரைபடங்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி வாசிக்கும் முறை, ஒரு குடியிருப்பின் அழிவை நகர வளர்ச்சியாகக் காட்டிவிடுகிறது. இவ்வாசிப்பு முறையையும், அதற்கு அடித்தளமிட்ட எச்.டி. லவ்வின் நூலையும் இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

திறவுச்சொற்கள்: சென்னப்பட்டணம், கறுப்பர் நகரம், பிட் வரைபடம், முத்தியாலுப்பேட்டை, பெத்தநாயக்கன்பேட்டை, பிராட்வே.

முன்னுரை

ஒரு குடியிருப்புப் பகுதியின் பழமையை அறிய வரைபடத்தை நாடுவது இன்று எளிதாகிவிட்டது. ஆவணக் காப்பகங்களும் நூலகங்களும் தம்மிடமுள்ள பழைய வரைபடங்களை மின்வடிவில் வெளியிட்டுள்ளன. செயற்கைக்கோள் படத்தின்மேல் பழைய வரைபடத்தைப் பொருத்தி, மேலடுக்கை மங்கச் செய்து, 'அன்று இங்கே என்ன இருந்தது' என்று காட்டும் முயற்சிகளும் பெருகியுள்ளன. முயற்சி வரவேற்கத்தக்கதே. ஆயினும், இரு வரைபடங்களில் ஒரே பெயர் காணப்பட்டால் அவை ஒரே இடத்தைக் குறிக்கின்றன என்ற எடுகோள் இம்முயற்சிகளுள் பெரும்பாலும் வினவப்படாமலே நிற்கிறது. சென்னையின் கறுப்பர் நகரத்தைப் பொறுத்தவரை அந்த எடுகோள் பொருந்தாது.

மூன்று வரைபடங்கள்

அடிக்கடி எடுத்தாளப்படும் வரைபடங்கள் மூன்று. முதலாவது, 1698 முதல் 1709 வரை ஆளுநராக இருந்த தாமஸ் பிட்டின் ஆணையால் அளக்கப்பட்டு, பின்னர் இலண்டனில் ஹெர்மன் மோல் அச்சிட்டது. இரண்டாவது, 1755இல் கொன்ராடி வரைந்தது. மூன்றாவது, 1822ஆம் ஆண்டு அளவையின் அடிப்படையில் ரேவன்ஷா உருவாக்கியது.

பிட் வரைபடத்தின் தலைப்பே அதன் இயல்பைச் சொல்லிவிடுகிறது. கோட்டையின் தோற்றக் காட்சியையும் நகரின் தரைப்படத்தையும் ஒருங்கே தருவதாக அது அறிவிக்கிறது. கடலிலிருந்து வருபவனின் கண்ணுக்கு நகரம் எவ்வாறு தோன்ற வேண்டும் என்ற எண்ணமும் அளவைப் பணியும் ஒரே தாளில் கலந்துள்ளன. அளந்த காலம் ஒன்று, அச்சேறிய காலம் மற்றொன்று என்பதையும் மறத்தலாகாது. அச்சிட்ட ஆண்டை நகரின் ஆண்டாகக் கொள்ளும் கட்டுரைகள் உண்டு. அவ்வாறு கொண்டால், இடைப்பட்ட ஆண்டுகளில் எழுந்த கட்டடங்கள் வரைபடத்தில் இல்லாமை, அவை அன்று இல்லாமைக்குச் சான்றாகிவிடும்.

கொன்ராடியின் வரைபடம் வேறு சூழலில் பிறந்தது. 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றினர். 1749இல் நகரம் ஆங்கிலேயரிடம் மீண்டது. அடுத்த முற்றுகை 1758 டிசம்பரில் லாலியின் தலைமையில் வந்தது. இவ்விரு போர்களுக்கும் இடையில் வரையப்பட்ட படத்தில் கோட்டையும் நகர எல்லையும் முதன்மை பெறுவது இயல்பு. ரேவன்ஷாவின் வரைபடமோ நகர அமைதி நீதிபதிகளின் பயன்பாட்டுக்கென வரையப்பட்டது. தெருவும் மனையும் வரியும் துப்புரவும் அவர்தம் கவலைகள். ஆகவே 1710ஐ ஒட்டிய படத்தில் ஒரு சந்து இல்லாமலிருந்து 1822இல் இருப்பதைக் கண்டு, அச்சந்து இடையில் தோன்றியது என்று உடனே முடிவு கட்ட இயலாது. முந்தைய படம் வரைந்தோருக்கு அச்சந்து தேவைப்படாமல் இருந்திருக்கலாம்.

பெயர் சென்ற வழி

பிட் வரைபடத்திலுள்ள கறுப்பர் நகரம் கோட்டையின் வடக்கு மதிலை ஒட்டி அமைந்தது. தமிழ், தெலுங்கு மொழி பேசும் வணிகரும் கைவினைஞரும் இங்கே வாழ்ந்தனர். ஆர்மீனியரும் பிறரும் உடனிருந்தனர். சென்னகேசவப் பெருமாள் கோயில் இதன் நடுவே நின்றது. முத்தியாலுப்பேட்டையும் பெத்தநாயக்கன்பேட்டையும் இந்நகரத்துக்கு அப்பால், புறநகர்ப் பேட்டைகளாக இருந்தன.

1746 முதல் 1749 வரை பிரெஞ்சுக்காரர் கோட்டையை ஒட்டிய வீடுகளை இடித்தனர். எஞ்சியவற்றை 1750களின் பிற்பகுதியில் ஆங்கிலேயரே இடித்தனர். கோட்டைப் பீரங்கிகளுக்கு எதிரே மறைவிடம் இருக்கக் கூடாது என்பது காரணம். 1757இல் கோயிலும் இடிக்கப்பட்டது. வீடிழந்தோர் பேட்டைகளுக்குச் சென்றனர். அவர்களோடு 'கறுப்பர் நகரம்' என்ற பெயரும் சென்றது. அதன்பின் முத்தியாலுப்பேட்டையும் பெத்தநாயக்கன்பேட்டையும் சேர்ந்த பரப்பே ஆங்கில ஆவணங்களில் கறுப்பர் நகரம் ஆயிற்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதுவே ஐந்தாம் ஜார்ஜின் பெயரால் ஜார்ஜ் டவுன் ஆனது. பழைய கறுப்பர் நகரம் நின்ற இடம் திறந்தவெளியாக விடப்பட்டது. அதன் எல்லையைக் குறிக்க 1773இல் நடப்பட்ட தூண்களுள் ஒன்று பாரிமுனையில் டேர் ஹவுஸ் கட்டட வளாகத்தில் இன்றும் உள்ளது. 1892இல் திறக்கப்பட்ட உயர் நீதிமன்றக் கட்டடம் அத்திறந்தவெளியில்தான் எழுந்தது.

பிட், ரேவன்ஷா ஆகியோரின் வரைபடங்களை அருகருகே வைத்து, 'கறுப்பர் நகரம் வடக்கு நோக்கி வளர்ந்தது' என்று எழுதுவது எவ்வளவு பிழையானது என்பது இதனால் தெளிவாகும். வளர்ச்சி என்ற சொல்லில் மக்கள் வெளியேற்றப்பட்ட செய்தி கரைந்துபோகிறது. உயர் நீதிமன்றத்தைச் சூழ்ந்த பரப்பைக் காலனிய நகரத் திட்டமிடலின் நல்விளைவாகப் பாராட்டும் எழுத்துகளும் இதே வாசிப்பின் தொடர்ச்சியே. அவ்வெளி வீடுகளைத் தரைமட்டமாக்கிப் பெறப்பட்டது. 1822இன் படத்தை மட்டும் காண்பவர் அங்கே வெறும் நிலத்தையே காண்பார்.

கோயிலின் வரலாறு வேறொரு வழி காட்டுகிறது. இடித்த நிலத்துக்கு ஈடாகக் கம்பெனி பெத்தநாயக்கன்பேட்டைப் பக்கம், இன்றைய பூக்கடைப் பகுதியில், நிலம் வழங்கியது. ஆளுநர் பிகட்டின் துபாஷியான மணலி முத்துகிருஷ்ண முதலியாரின் முயற்சியாலும் பொதுமக்களின் நன்கொடையாலும் சென்னகேசவர், சென்னமல்லீசுவரர் கோயில்கள் அங்கே அடுத்தடுத்து எழுந்தன. (அருணாசலக் கவிராயரின் இராம நாடகக் கீர்த்தனையை ஆதரித்த புரவலரும் இவரே. தமிழிலக்கிய மாணவருக்கு இப்பெயர் அவ்வழியாகவே அறிமுகமாகியிருக்கும்.) 'பட்டணம் கோயில்' என்று மக்கள் வழங்கும் பெயரில், இல்லாமற்போன ஒரு பட்டணத்தின் நினைவு நிற்கிறது. வரைபடத்தில் மறைந்ததைக் கோயிற்பெயர் காத்துள்ளது.

பிராட்வே: இடைவெளியை வாசித்தல்

பெயர்களைவிட இடைவெளிகள் சில வேளைகளில் மிகுதியாகப் பேசும். பிராட்வே, அதாவது இன்றைய பிரகாசம் சாலை, இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. 19ஆம் நூற்றாண்டு வரைபடங்களில் இது ஜார்ஜ் டவுனை வடக்குத் தெற்காகப் பிளக்கும் நேரான அகன்ற வீதி. முந்தைய நிலையில் இங்கே வீதி இல்லை. முத்தியாலுப்பேட்டைக்கும் பெத்தநாயக்கன்பேட்டைக்கும் இடையே கழிவுநீர் ஓடும் தாழ்நிலமே இருந்தது. 1780களில் ஸ்டீபன் போப்ஹம் என்னும் வழக்கறிஞர் அந்நிலத்தைப் பெற்று, வடிகால் அமைத்து, மேடாக்கி, வீதி சமைத்தார். அது போப்ஹம் பிராட்வே எனப்பட்டது.

ஆங்கில ஆவணங்கள் அத்தாழ்நிலத்தை 'அட்டப் பள்ளம்' என்று படிக்கத்தக்க எழுத்துகளில் தருகின்றன. பேச்சு வழக்கின் 'ஆத்துப் பள்ளம்' அவ்வாறு எழுதப்பட்டிருக்கலாம் என்று கொள்ள இடமுண்டு. தமிழ் ஆவணம் ஒன்று கிடைக்கும்வரை இது ஊகமே. ஆயினும் அவ்வூகத்தை எழுப்புவது பயனுடையது. எழுத்துப்பெயர்ப்பை அப்படியே நகலெடுக்கும் நூல்களில் பள்ளத்தின் பெயர் பொருளற்ற ஒலியாக நின்றுவிடுகிறது.

இப்பள்ளத்துக்குச் சமூகப் பொருளும் உண்டு. 1707இல் திருமண ஊர்வலம் எத்தெருவில் செல்லலாம் என்பது பற்றி வலங்கையினருக்கும் இடங்கையினருக்கும் பூசல் மூண்டது. வலங்கையினருள் பலர் நகரைவிட்டுச் சாந்தோமுக்குச் சென்றனர். வணிகம் தடைப்பட்டது. ஆளுநர் பிட் செய்த ஏற்பாட்டின்படி பெத்தநாயக்கன்பேட்டை வலங்கையினருக்கும் முத்தியாலுப்பேட்டை இடங்கையினருக்கும் உரிய இருப்பிடங்களாகக் குறிக்கப்பட்டன. நகரை அளக்க ஆணையிட்டவரும் நகரைப் பிரித்தவரும் ஒருவரே என்பது கவனிக்கத்தக்கது. பேட்டைகளின் பெயர்கள் வெறும் இடப்பெயர்களல்ல. எந்த மணமகன் எந்தத் தெருவில் பல்லக்கில் செல்லலாம் என்னும் வழக்கின் தீர்ப்பும் அவற்றுள் அடங்கியுள்ளது. வரைபடத்தில் தெரு ஒரு கோடு. அத்தெருவில் வாழ்ந்தோருக்கு அது உரிமை. இக்கோட்டிலிருந்து அவ்வுரிமையை எந்தப் பொருத்துக் கருவியாலும் மீட்டெடுக்க முடியாது. புனித ஜார்ஜ் கோட்டையின் ஆலோசனைக் குறிப்பேடுகளை உடன்வைத்துப் படித்தால்தான் இரண்டு பேட்டைகளுக்கு நடுவிலிருந்த பள்ளம் எதைப் பிரித்தது என்பது விளங்கும். போப்ஹம் அதை மூடியபோது வடிகால் பணியொன்று முடிந்தது என்ற அளவில் மட்டும் எழுதிச் செல்வது போதாது.

லவ்வின் கொடையும் குறையும்

இவ்வரைபடங்களைக் கோட்டைப் பதிவேடுகளோடு இணைத்து முதலில் விரிவாக வாசித்தவர் எச்.டி. லவ். 1640 முதல் 1800 வரையிலான சென்னையைப் பற்றிய அவரது நூல் 1913இல் வெளிவந்தது. இன்றுவரை எழுதப்படும் சென்னை வரலாறுகள் பெரும்பாலும் அதன் தோள்மீதே நிற்கின்றன. பழைய கறுப்பர் நகரமும் புதிய கறுப்பர் நகரமும் வேறு என்பதை அவர் தெளிவாகவே அறிந்திருந்தார். அவரை மேற்கோள் காட்டுவோர்தாம் அவ்வேறுபாட்டைத் தவறவிடுகின்றனர்.

லவ் இராணுவப் பொறியாளர். மதில், கொத்தளம், அகழி ஆகியவற்றின் ஒவ்வொரு மாற்றத்தையும் அவர் பின்தொடரும் நுட்பம் வியப்பளிப்பது. கோட்டைக்கு வெளியே வந்ததும் அந்நுட்பம் தளர்கிறது. இடிக்கப்பட்ட வீடுகள் அவருக்குப் பீரங்கியின் பார்வைக்கோட்டில் நின்ற தடைகள். அவற்றின் உரிமையாளர்கள் கம்பெனியிடம் விண்ணப்பித்தபோது மட்டும் நூலுக்குள் வருகின்றனர். அவர்தம் மொழியிலுள்ள சான்றுகளை அவர் முதன்மையாக நாடவில்லை. புதுச்சேரியிலிருந்து ஆனந்தரங்கப் பிள்ளை எழுதிய தமிழ் நாட்குறிப்பு 1746 நிகழ்வுகளைச் சமகாலத்திலேயே பதிவு செய்கிறது. அவர் பேசும் ஊரின் பெயர் சென்னப்பட்டணம். 'கறுப்பர் நகரம்' என்பது கோட்டைக்குள் இருந்தோர் வெளியே பார்த்து இட்ட பெயர். வரைபடத் தலைப்பை அப்படியே கட்டுரைத் தலைப்பாக்கும் தமிழாய்வுகள் அப்பார்வையையும் சேர்த்தே ஏற்றுக்கொள்கின்றன.

பெயரிடும் முறையில் இவ்வேறுபாடு நுண்மையாகப் புலப்படும். தங்கசாலைத் தெருவிலுள்ள ஏகாம்பரேசுவரர் கோயிலைப் பிட் வரைபடம் 'ஆலங்காத்தா கோயில்' என்ற பொருளில் சுட்டுகிறது. கம்பெனியின் தலைமை வணிகராக விளங்கிய ஆலங்காத்தா பிள்ளையின் பெயர் அது. கம்பெனிக்குக் கோயில் என்றால் வணிகப் பங்காளியின் சொத்து. வழிபடுவோருக்கு அது இறைவனின் இடம். இரு பெயர்களையும் இணைத்துப் பார்க்கத் தெரியாதவர், வரைபடத்தில் ஏகாம்பரேசுவரரைத் தேடிக் காணாமல் அக்கோயில் பிற்காலத்தது என்று கூறிவிடக்கூடும்.

பொருத்துப் புள்ளிகள்

பழைய வரைபடத்தை இன்றைய நிலத்தோடு பொருத்த, இரண்டிலும் மாறாத புள்ளிகள் வேண்டும். சென்னையில் பலரும் முதலில் பற்றுவது கடற்கரையை. அதுவே மிகக் குறைந்த நம்பகம் உடையது. 1870களில் துறைமுகப் பணி தொடங்கியபின் அதன் தெற்கே மணல் சேர்ந்து கரை விரிந்தது. வடக்கே இராயபுரம் பக்கம் கடல் நிலத்தை அரித்தது. கோட்டை மதிலும் உதவாது. 18ஆம் நூற்றாண்டில் அது பலமுறை மாற்றிக் கட்டப்பட்டது.

கோட்டைக்குள் 1680இல் திருநிலைப்படுத்தப்பட்ட புனித மேரி தேவாலயம் நல்ல புள்ளி. அதன் கோபுரம் பின்னையது என்பதால் கட்டடத்தின் உடற்பகுதியையே அளவாகக் கொள்ள வேண்டும். ஏகாம்பரேசுவரர் கோயில் மற்றொன்று. சென்னகேசவர் கோயிலைப் புள்ளியாகக் கொண்டால் வரைபடம் முழுவதும் பிறழும். மேற்கு எல்லைக்கு வால்டாக்ஸ் சாலை ஓரளவு உதவும். 1767இல் ஹைதர் அலியின் குதிரைப்படை சென்னையின் புறப்பகுதிகள்வரை வந்ததற்குப் பின் பால் பென்ஃபீல்டு கட்டிய மதிலின் ஓரமாகச் செல்லும் சாலை அது. மதிலுக்கென எண்ணிய வரி தண்டப்படவே இல்லை. சாலையின் பெயரில் மட்டும் வரி நிலைத்துவிட்டது. இம்மதில் பிட் காலத்ததன்று என்பதால், 1710ஐ ஒட்டிய படத்தை இதனோடு பொருத்துவதும் ஆகாது. வடக்கு மதிலின் எச்சம் பழைய சிறைச்சாலைச் சாலையில் மாடிப் பூங்காவாக நிற்கிறது. இடிபட்ட முதல் நகரின் வடக்கு மதிலாக இதனைக் கருதிவிடலாகாது. அம்மதில் பாரிமுனைக்குத் தெற்கே இருந்தது. இரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவே, 1750களில் வீடிழந்த குடும்பங்கள் குடியேறிய பேட்டைகளின் நீளம்.