ஆள்களப்பெயர்க் கலைச்சொற்கள்: பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லை ஊர்களை முன்வைத்து ஒரு திறனாய்வு

முன்னுரை

இணையத்தில் இணைந்துள்ள கணினிகள் ஒன்றையொன்று எண்ணாலாகிய முகவரி கொண்டே அறிகின்றன. மனிதர் நினைவிற் கொள்ளத்தக்க பெயரைச் சொன்னால் அதற்குரிய எண்ணைத் தேடித் தரும் அமைப்பு ஆள்களப்பெயர் முறைமை எனப்படுகிறது. தொடக்கத்தில் எல்லாப் பெயர்களும் ஒரே பட்டியலில் எழுதப்பட்டு அமெரிக்காவின் ஸ்டான்போர்டு ஆய்வு நிறுவனத்தில் பேணப்பட்டன. பிறர் அதனைப் படியெடுத்துக் கொண்டனர். கணினிகள் பெருகியபோது ஒரே இடத்தில் பட்டியலைக் காப்பது இயலாதாயிற்று. இதனால் 1983இல் பால் மொகாபெட்ரிஸ் பெயர்களைப் படிநிலையாகப் பகுத்து, ஒவ்வொரு படியின் பொறுப்பையும் வெவ்வேறு அமைப்பினரிடம் ஒப்படைக்கும் முறையை வகுத்தார். இன்றும் அடிப்படையாக நிற்கும் வரையறைகள் 1987இல் வெளியாயின.

இம்முறைமையின் உயிர்நிலை பெயரன்று. பொறுப்பைப் பகிர்ந்தளித்தலே ஆகும். தமிழில் வழங்கும் கலைச்சொற்கள் பெயரையும் இடத்தையும் காட்டும் அளவிற்குப் பொறுப்பைக் காட்டவில்லை என்பது இக்கட்டுரையின் கருத்து. கேரளத்தின் தென்னெல்லையிலுள்ள பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரம் இதனை ஆராய்வதற்கு ஏற்ற களமாகும். ஒரே ஊர்ப்பெயர் இரு மொழிகளில், இரு எழுத்துகளில் வழங்குவதும், நிருவாக எல்லை மாறிய வரலாறு மக்கள் நினைவில் நிற்பதும் இங்கு இயல்பு. மேலும், கேரளத்தில் தமிழ்வழி பயிலும் மாணவர்க்குத் தகவல் தொழில்நுட்பப் பாடநூல்களும் தமிழிலேயே அச்சிடப்படுகின்றன. வகுப்பில் தமிழும் வெளியில் மலையாளமுமாக வாழும் அம்மாணவர்க்குச் சொல் தானே பொருள் விளக்குவதாக அமைதல் வேண்டும்.

1. களமும் ஆள்களமும்

இம்முறைமையின் முதற்சொல்லுக்குக் களம், ஆள்களம் என்னும் இரண்டும் வழக்கில் உள்ளன. களம் என்பது நெற்களம், போர்க்களம் போல இடத்தை மட்டும் சுட்டும். மூலச்சொல்லோ இலத்தீனில் உடைமை, ஆட்சி என்னும் பொருளடியாகப் பிறந்தது. ஆகவே ‘ஆள்’ என்னும் வினையடியைப் பெற்ற ஆள்களமே பொருத்தமானது. ‘ஆள்’ என்பதை மனிதன் எனக் கொண்டு மயங்க இடமுண்டு எனினும், ஆளுகை, ஆட்சி முதலிய சொற்களோடு சேர்த்துக் கற்பிக்கும்போது அம்மயக்கம் நீங்கும்.

இடர்ப்பாடு அடுத்த சொல்லில் தொடங்குகிறது. ஆள்களம் என்பது ஒரு பெயரும் அதன்கீழ் வரும் எல்லாப் பெயர்களும் சேர்ந்த முழுக்கிளை. அக்கிளையில், பிறரிடம் ஒப்படைத்தவை போக, ஒருவர் தம் பொறுப்பில் வைத்துப் பதிவேடு பேணும் அளவு வேறு. இவ்விரண்டாவதை மண்டலம் என மொழிபெயர்க்கின்றனர். தமிழ் மரபில் மண்டலம் பேரளவைக் குறிப்பது. நாடுகளை உள்ளடக்கிய சோழமண்டலம், தொண்டைமண்டலம் என்பனவற்றை நோக்குக. ஆள்களத்திற்குள் அடங்கும் சிறிய அளவிற்கு இச்சொல்லை இட்டால் கற்போர் உறவைத் தலைகீழாகப் புரிந்துகொள்வர்.

இவ்வேறுபாட்டை விளக்கத் திருவிதாங்கூரின் வருவாய் நிருவாகச் சொல்லொன்று துணைசெய்கிறது. அங்கு வட்டத்தின் உட்பிரிவு ‘பகுதி’ எனப்பட்டது. அதற்குரிய அலுவலர் பார்வத்தியக்காரர் எனப்பட்டார். இன்று அவ்விடத்தில் வில்லேஜ் ஆபீஸ் உள்ளது. நிலவரி செலுத்துவோரின் தண்டப்பேர்ப் பதிவேடு அங்கேயே பேணப்படுகிறது. நெய்யாற்றின்கரை வட்டம் என்னும்போது அதன் ஊர்கள் அனைத்தும் அடங்கும். ஆயினும் பாறசாலை நிலமொன்றின் தண்டப்பேரை அறியப் பாறசாலைப் பதிவேட்டையே நாட வேண்டும். வட்டம் முழுமையும் ஆள்களம் போன்றது. ஒரு பதிவேட்டிற்கு உட்பட்ட அளவே இங்குக் கருதப்படும் பகுதி. எனவே மண்டலம் என்பதற்கு மாற்றாகப் ‘பொறுப்புப் பகுதி’ எனலாம். இலக்கணத்தில் பகுதி வேறு பொருளில் வழங்குவதால் முன்னடை இன்றியமையாதது.

2. பெயர் வழங்குவது யார்?

பதிவேட்டைத் தாங்கி வினாக்களுக்கு விடை தரும் கணினியைப் ‘பெயர் வழங்கி’ என்கின்றனர். பெயர் வழங்குதல் என்றால் தமிழில் பெயர் சூட்டுதல் என்றே பொருள்படும். இக்கணினியோ யாருக்கும் பெயர் சூட்டுவதில்லை. ஏற்கெனவே பதிவான பெயரைப் பற்றிக் கேட்டால் விடை சொல்கிறது, அல்லது விடை தெரிந்த மற்றொன்றைச் சுட்டுகிறது. ‘பெயர்விடைக் கணினி’ போன்ற சொல் இம்மயக்கத்தைத் தவிர்க்கும்.

பெயர் பெறும் செயலில் மூவர் உளர். ஓர் ஆள்களத்தின் முழுப் பதிவேட்டைக் காப்பது பதிவகம். ‘இன்’ என முடியும் இந்தியப் பெயர்களுக்கு இப்பணியைத் தேசிய இணையப் பரிமாற்றகமான நிக்சி 2005 முதல் ஆற்றி வருகிறது. பொதுமக்களிடம் கட்டணம் பெற்றுப் பதிவகத்தில் பதிந்து தருபவர் பதிவாளர். பெயரைப் பெறுபவர் பதிவுபெறுநர். இம்மூவரையும் பிரித்தறியாமல் பேச்சு வழக்கில் ‘பெயரை வாங்கினேன்’ என்பதும், எழுத்தில் பதிவுபெறுநரை ‘உரிமையாளர்’ என்பதும் காணப்படுகின்றன.

இது சொல்லளவில் நிற்கும் பிழையன்று. பெயர் ஓராண்டு முதல் பத்தாண்டு வரையிலான காலத்திற்கே பதியப்படுகிறது. குறித்த காலத்தில் புதுப்பிக்காவிடில், அவகாசம் கழிந்தபின் அதனை வேறொருவர் பதிந்துகொள்ள முடியும். எல்லை ஊர் மக்களுக்குப் பாட்டம் என்னும் சொல் புதிதன்று: நிலத்தை அனுபவிக்கும் உரிமை கிடைக்கும், ஆனால் அது நிபந்தனைக்கு உட்பட்டது. பெயர்ப்பதிவும் அத்தன்மையதே. உரிமையாளர் என்று கற்பிக்கப்பட்ட பள்ளியோ சிற்றூர்ச் சங்கமோ புதுப்பிக்கும் நாளைக் கருதாமல் விட்டுவிடக்கூடும். அப்பொழுது அது இழப்பது பல்லாண்டுகளாகப் பிறர் அறிந்த தன் முகவரியையே ஆகும். ‘பதிவுக் காலம்’, ‘பதிவுபெறுநர்’ என்னும் சொற்கள் இவ்வெச்சரிக்கையைத் தம்முள்ளேயே கொண்டுள்ளன.

3. புள்ளியும் எழுத்தும்

பெயரின் உறுப்புகளைப் பிரிக்கும் குறியைப் புள்ளி என்கிறோம். தமிழிலோ புள்ளி மெய்யெழுத்தின் அடையாளமும் ஆகும். ‘நெய்யாற்றின்கரை’ என்னும் பெயருக்குள்ளேயே மூன்று புள்ளிகள் உள்ளன. தமிழ் எழுத்தில் பெயர் அமைக்கும்போது உறுப்புகளைப் பிரிப்பதைப் ‘பிரிபுள்ளி’ என வேறுபடுத்தல் நலம்.

அளவு பற்றிய விதியிலும் இத்தகைய மயக்கம் உண்டு. பெயரின் ஓர் உறுப்பு 63க்கு மேற்படலாகாது என்னும் விதியை ‘63 எழுத்துகள்’ என மொழிபெயர்த்தால் தமிழ் கற்றோர் தமிழ் நெடுங்கணக்கின் எழுத்தையே கருதுவர். ‘நெய்யாற்றின்கரை’ என்பதில் தமிழ்முறையில் எண்ணினால் 8 எழுத்துகள். ஒருங்குறியில் 15 குறியீடுகள். அவையும் நேரே செல்வதில்லை. 2003இல் வரையறுக்கப்பட்ட ‘பியூனிகோடு’ முறைப்படி உரோமன் எழுத்தும் எண்ணும் சிறுகோடும் கொண்ட வடிவிற்கு மாற்றப்பட்டே முறைமைக்குள் நுழைகின்றன. 63 என்னும் வரம்பு அம்மாற்று வடிவிற்கு உரியது.

மலையாளத்தில் இதே ஊர்ப்பெயர் வேறோர் இடர்ப்பாட்டைக் கண்டது. அதில் ‘ன்’ சில்லெழுத்தாக வருகிறது. அக்காலத்தில் சில்லெழுத்தை, கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறியொன்றைச் சேர்த்தே ஒருங்குறியில் எழுத முடிந்தது. 2003ஆம் ஆண்டு விதிகள் அக்குறியை நீக்கிவிட்டமையால் ஊர்ப்பெயரைப் பதியும்போது சில்லெழுத்தின் அடையாளம் கழிந்தது. 2008இல் சில்லெழுத்துகள் தனிக் குறியீடுகள் பெற்றன. 2010இல் வெளியான புதிய விதிகளின்கீழ் அவை பெயரில் இடம்பெறலாயின. தமிழின் புள்ளி இத்தகைய தடையை எதிர்கொள்ளவில்லை. ஒரே ஊரின் பெயர் ஒரு மொழியில் முழுமையாகவும் மற்றொன்றில் குறையாகவும் பதியத்தக்கதாக இருந்தது என்பது, பெயர் விதிகள் மொழிச்சார்பு அற்றவை அல்ல என்பதற்குச் சான்றாகும்.

4. இரு வடிவப் பெயர்கள்

தமிழில் ஐகாரத்தில் முடியும் ஊர்ப்பெயர்கள் மலையாளத்தில் அகரத்தில் முடிதல் ஒலியியல் உண்மை: கரை–கர, விளை–விள, மலை–மல. எல்லையின் தமிழ்நாட்டுப் பக்கத்தில் உள்ள களியக்காவிளை மலையாளத்தில் விள என முடியும். கேட்போர் இரண்டையும் ஒரே ஊராக உணர்வர். முறைமையோ எழுத்துக் குறியீடு மாறின் வேறு பெயராகவே கொள்ளும்; பொருளையும் ஒலியையும் அது அறியாது. இரண்டும் ஒரே இடத்திற்கு இட்டுச்செல்ல வேண்டுமாயின் ஒன்றை மற்றொன்றின் ‘மறுபெயர்’ எனப் பதிய வேண்டும்.

நாட்டின் பெயரிலும் இந்நிலை உண்டு. 2010இல் ‘இலங்கை’யும், 2011இல் ‘இந்தியா’, ‘சிங்கப்பூர்’ ஆகியனவும் தமிழெழுத்தில் உயர்நிலை ஆள்களங்களாயின. இந்தியாவிற்குரிய மலையாள ஆள்களமோ ‘பாரதம்’ என்பதாகும். எனவே எல்லைத் தெருவொன்றில் தமிழிலும் மலையாளத்திலும் பெயர் பெற விரும்பும் நிறுவனம் இரு எழுத்துகளை மட்டுமன்றி இரு நாட்டுப்பெயர்களையும் கையாள வேண்டும்.

சொற்றேர்வில் கவனம் குறைந்ததற்கு மற்றொரு சான்றும் உண்டு. 2007இல் ஐகான் நிறுவனம் பதினொரு மொழிகளில் சோதனை ஆள்களங்களை அமைத்தது. தமிழுக்கு அமைந்தது ‘பரிட்சை’ என்பதாகும். நெடிலாக வரவேண்டிய ‘ரீ’ குறிலாயிற்று. கருவியைச் சோதித்தல் என்னும் கருத்திற்குச் சோதனை என்னும் சொல் இருக்க, பள்ளித் தேர்வை நினைவூட்டும் சொல் கொள்ளப்பட்டது. 2013இல் அச்சோதனைப் பெயர்கள் நீக்கப்பட்டன. எனினும் அடிப்படைப் பதிவேட்டில் ஆறாண்டுகள் நின்ற எழுத்துப்பிழை, மொழியறிஞரின் பங்கு எங்குத் தேவை என்பதைக் காட்டுகிறது.

5. ஒப்புமையின் எல்லை

1956 நவம்பர் 1இல் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. விளவங்கோடு மேலதிகாரம் மாறியும் தன் பெயரை இழக்கவில்லை. ஆள்களப்பெயரில் இது நிகழாது. அங்கு மேற்படிகளும் பெயரின் உறுப்புகளே. ஆதலின் மேற்படி மாறின் முழுப்பெயரும் மாறும். விடை தரும் கணினியை மட்டும் மாற்றினால் பெயர் மாறாது. இவ்விரண்டையும் ‘மாற்றம்’ என்னும் ஒரே சொல்லால் கூறுதல் தவறு. முன்னது ‘பெயர் மாற்றம்’, பின்னது ‘பொறுப்பு மாற்றம்’.

எனினும் தமிழ்த்தொடரமைப்பு கற்பித்தலுக்கு ஒரு வாய்ப்பைத் தருகிறது. எழுதும் பெயரில் சிறியது முன்னும் பெரியது பின்னும் நிற்கின்றன. தேடும் கணினியோ பின்னிருந்து, வேரிலிருந்து தொடங்குகிறது. ‘கேரளத்து நெய்யாற்றின்கரை வட்டத்துப் பாறசாலை’ என்னும் தமிழ்த்தொடரும் பெரியதிலிருந்து சிறியதற்கே செல்கிறது. தேடலின் வரிசை மாணவரின் தாய்மொழித் தொடரிலேயே உள்ளது.

முடிவுரை

கேரள ஆட்சிமொழிச் சட்டம் (1969) தமிழ்ச் சிறுபான்மையினர் அரசோடு தம் மொழியில் கடிதத் தொடர்பு கொள்ள வழிசெய்கிறது. அவ்வுரிமை இணையவழிப் பணிகளிலும் பயன்தர வேண்டுமாயின், அவற்றைக் கையாளும் சொற்கள் பொருள் தெளிவுடன் அமைதல் வேண்டும். எந்தப் பெயருக்கு யார் பொறுப்பு, எதுவரை பொறுப்பு, எத்துணைக் காலம் பொறுப்பு என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை தரும் சொல்லே இத்துறையில் நற்கலைச்சொல் ஆகும். ஆள்களம் அத்தகுதி பெற்றது. மண்டலம், பெயர் வழங்கி, உரிமையாளர் என்பன மறுஆய்வுக்கு உரியன. கலைச்சொல் தொகுப்போர் மூலமொழி அகராதியோடு, தமிழர் வாழும் நிலப்பகுதிகளின் நிருவாக வழக்காறுகளையும் நோக்குவாராயின், இச்சொற்களுக்கு ஈடான பல சொற்கள் முன்னரே வழக்கில் இருப்பதைக் காண்பர்.