கிரீனிலிருந்து அடுத்த டீக்கு எத்தனை அடி?

ஊட்டிக்குப் போகிறோம், கொடைக்கானலுக்குப் போகிறோம், கையில் கொஞ்சம் காசு சேர்ந்தால் இலங்கையின் நுவரெலியாவுக்கும் போகிறோம். மூன்று ஊரிலும் நூற்றாண்டு கண்ட கோல்ஃப் மைதானம் இருக்கிறது. நம்மவர்கள் என்ன செய்கிறார்கள்? வேலியோரம் வண்டியை நிறுத்தி, பச்சைப் புல்லை முதுகுக்குப் பின்னால் வைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டு, படகுச் சவாரிக்கு டிக்கெட் வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். "அதெல்லாம் கலெக்டரும் கர்னலும் ஆடுற ஆட்டம் சார்" என்று காஞ்சிபுரத்தில் என்னிடம் சொல்லாதவர் இல்லை. சொல்கிறவர் கடையில் முப்பதாயிரத்துக்குக் கீழே புடவை இருக்காது. இதே மாவட்டத்தில், இருங்காட்டுக்கோட்டைக்கு கார் செய்ய வந்த கொரியர்கள் ஞாயிறு விடியலில் கோல்ஃப் பையோடு சென்னைக்குப் பறக்கிறார்கள். அவர்களுக்கு யார் கர்னல் பட்டம் கொடுத்தது?

அடிப்படையை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். டீ என்கிற மேடையிலிருந்து பந்தை அடித்து, ஃபேர்வே என்கிற வெட்டிய புல்வெளி வழியாகக் கொண்டுபோய், கிரீன் என்கிற வழவழத்த திட்டில் இருக்கும் நாலேகால் அங்குலக் குழிக்குள் போட வேண்டும். இப்படி 18 குழி. குறைந்த அடியில் முடித்தவர் ஜெயித்தவர். ஒவ்வொரு குழிக்கும் இத்தனை அடி என்று வைத்திருக்கும் கணக்குக்குப் பெயர் 'பார்'. 3, 4 அல்லது 5. பையில் 14 ஸ்டிக் வரை வைத்துக்கொள்ளலாம், புதியவருக்கு ஐந்தாறே அதிகம். மிச்சத்தை, பையைச் சுமந்து கூடவே வரும் கேடி சொல்லிக்கொடுப்பார். அவ்வளவுதான், விஷயத்துக்கு வருவோம்.

வெளியூர் போனால் எந்த மைதானத்தில் ஆடுவது? முதலில், உள்ளே விடுவார்களா? கோல்ஃபின் தாய்வீடான ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்ட் கோர்ஸ் யாருடைய கிளப்பும் இல்லை, பொதுச் சொத்து. ஹேண்டிகேப் என்கிற ஆட்டத் தர எண்ணுக்கான சான்றைக் காட்டி, குலுக்கலில் பெயர் விழுந்தால் எந்த ஊர்க்காரரும் ஆடலாம். பெரிய போட்டிகள் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டமே கிடையாது, ஊர் ஜனம் நாயைக் கூட்டிக்கொண்டு அதில் உலாவும். டெல்லியில் லாடோ சராய் பக்கம் குதுப் மினார் கண்ணில் படும்படி டெல்லி வளர்ச்சி ஆணையம் 2000-இல் ஒரு பொது மைதானம் திறந்தது. பணம் கட்டினால் ஆடலாம். நம் பக்கம் எல்லாம் கிளப் ராஜ்ஜியம். கிண்டியில் ஜிம்கானா கிளப்பின் மைதானம் ரேஸ் கோர்ஸ் ஓடுபாதைக்கு நடுவில் இருந்தது. 2024 செப்டம்பரில் அரசு ரேஸ் கிளப்பின் குத்தகையை ரத்து செய்து 160 ஏக்கரையும் கையகப்படுத்தியது. அதன் பிறகு நடந்த வழக்குகளை இங்கே இழுக்கவில்லை. மலையூர் கிளப்புகளில் வெளியூர்க்காரருக்கு நாள் கட்டணம் உண்டா என்று ஒரு போன் போட்டுக் கேளுங்கள். கேட்கக் கூச்சப்பட்டே பாதிப் பேர் வேலியோடு நின்றுவிடுகிறார்கள்.

சரி, எப்படித் தேர்ந்தெடுப்பது? "உலகின் தலைசிறந்த நூறு மைதானங்கள்" என்று வரும் பட்டியல்களைத் தூக்கிப் போடுங்கள். ரிசார்ட்டின் காலைச் சிற்றுண்டி வாசனை அவற்றில் பலவற்றில் வீசும். ட்ரோன் படம் பார்த்து மைதானம் முடிவு செய்கிறவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன்: நீங்கள் ஆடப்போவது தரையில்.

நான் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான். ஒரு குழியை முடித்துவிட்டு அடுத்த டீக்கு எவ்வளவு தூரம் நடக்க வேண்டும்? இதைச் சொன்னால் ஆடத் தெரிந்தவர்களே சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். போனில் வரைபடத்தைத் திறந்து, செயற்கைக்கோள் படத்துக்கு மாற்றுங்கள். வெளிர்ப் பச்சையாக, உருண்டையாகத் தெரியும் திட்டு கிரீன். பக்கத்தில் சின்னச் சின்ன நீள்சதுரங்கள் தெரிந்தால் அவை டீ. பழைய மைதானங்களில் இரண்டும் கையெட்டும் தூரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். புது ரிசார்ட்டுகளில் தேட வேண்டும். சாலையைத் தாண்டி, நாலு வில்லாவைத் தாண்டி எங்கேயோ இருக்கும்.

காரணம் எளிது. அந்தக் காலத்தில் மைதானம் வகுத்தவர்களிடம் புல்டோசர் இல்லை, ஆட்டக்காரர்களுக்கு வண்டியும் இல்லை. ஒரு கிரீன் முடிந்த இடத்தில் நின்று சுற்றிப் பார்த்து, அடுத்து எந்தப் பக்கம் அடிக்கலாம் என்று நிலத்திடமே கேட்டு வைத்தார்கள். பிறகு வீட்டுமனை வியாபாரம் வந்தது. ஒவ்வொரு ஃபேர்வேயின் இரு பக்கமும் வீடு விற்க வேண்டுமே! குழிகளை ஒன்றிலிருந்து ஒன்று பிய்த்து, ஊர் முழுக்க நீட்டி, நடக்க முடியாதபடி செய்துவிட்டு, பேட்டரி வண்டியை வசதி என்று பெயர் வைத்துக் காசு வாங்குகிறார்கள். வண்டியில் போனால் மேடு பள்ளத்தைச் சக்கரம் தின்றுவிடும். பந்து எந்தப் பக்கம் உருளும் என்று கண்ணுக்கு முன்னால் கால்தான் கண்டுபிடிக்கும்; அந்தக் காலுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு என்னத்தை ரசிப்பது? எங்கள் ஊர் கைலாசநாதர் கோயிலில் கருவறையைச் சுற்றியுள்ள இடுக்குவழியில் தவழ்ந்து வெளியே வருகிறவரிடம் போய், அடுத்த முறை வண்டி ஏற்பாடு செய்யட்டுமா என்று கேட்பீர்களா?

இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. தூரம் எவ்வளவு என்பது பாதி, எந்தத் திசையில் நடக்கிறோம் என்பது மீதி. தொழில்முறை ஆட்டக்காரர்கள் தூர தூரமாக அடிக்க ஆரம்பித்ததும், பல மைதானங்களில் டீயைப் பின்னால் பின்னால் தள்ளினார்கள். விளைவு, கிரீனை முடித்துவிட்டு வந்த வழியே திரும்பி நடந்து அடுத்த டீக்குப் போக வேண்டும். முன்னோக்கி நூறு கெஜம் நடந்தால்கூட எனக்குச் சம்மதம். பின்னோக்கி நாற்பது கெஜம் நடக்க வைப்பவனை மன்னிக்க மாட்டேன். மைதானம் ஏழாயிரம் கெஜம் நீளம் என்று பீற்றிக்கொள்கிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள், அதில் எத்தனை கெஜம் இப்படிப் பின்னால் போய்ச் சேர்த்தது என்று. நீங்கள் எப்படியும் முன் டீயில்தான் ஆடப்போகிறீர்கள். அதனால் முன் டீயிலிருந்தே அளந்து பாருங்கள்.

பச்சை மோகம் இன்னொரு நோய். தொலைக்காட்சியில் அமெரிக்காவின் அகஸ்டாவைப் பார்த்துவிட்டு, புல் பழுத்திருந்தால் மைதானம் மட்டம் என்கிறார்கள். தண்ணீர் குறைந்து தரை இறுகினால்தான் பந்து ஓடும், ஓடினால்தான் யோசனைக்கு வேலை. கோடையில் செயின்ட் ஆண்ட்ரூஸே செம்பட்டையாகத்தான் கிடக்கும்.

உங்களிடம் மட்டும் சொல்கிறேன், முதல் முறை ஆடப் போகிறவரை நான் அனுப்புவது நுவரெலியாவுக்கு. 1889-இல் தொடங்கியது, ஊருக்கு நடுவிலேயே இருக்கிறது. கட்டணம் கட்டி, ஸ்டிக்கையும் வாடகைக்கு எடுத்து ஆடலாம். நமக்கு மொழிச் சிக்கலும் இல்லை. எனக்கு வாய்த்த கேடி, மலையகத் தமிழில் பேசும் பெரியவர். கிரீனில் உட்கார்ந்து ஒற்றைக் கண்ணை மூடி நான் சாய்வு பார்த்துக்கொண்டிருந்தபோது கொடிக்கம்பத்தைப் பிடித்தபடி சொன்னார்: "எழும்புங்க ஐயா. பீதுரு மலை எந்தப் பக்கம் இருக்குன்னு பாருங்க. பந்து அதை விட்டு விலகித்தான் போகும்." எனக்குத் தட்டையாகத் தெரிந்த இடத்தில் பந்து ஒரு சாண் வளைந்து போனது. அடுத்த டீ பத்திருபது அடியில். அதற்குள் முந்தைய குழியில் எங்கே கெட்டது என்று இரண்டே வார்த்தையில் சொல்லி முடித்துவிட்டார். வண்டியில் போயிருந்தால் இந்தப் பாடம் கிடைத்திருக்குமா?

கொஞ்சம் கை பழகியவர்கள் கொழும்பிலேயே இறங்கி ராயல் கொழும்பு கோல்ஃப் கிளப்பைக் கேட்டுப் பாருங்கள். 1879-இல் ஆரம்பித்த கிளப். மைதானத்தின் குறுக்கே களனிவெளி ரயில்பாதை ஓடுகிறது. ரயில் வந்தால் ஸ்டிக்கை ஊன்றிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். இதைக் குறையாக எழுதுகிற பயணக் கட்டுரைக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வண்டியிலேயே உட்கார்ந்திருக்கட்டும்.

வார நாளில் போங்கள், 18 வேண்டாம், 9 போதும். காலர் வைத்த டீ-ஷர்ட் கட்டாயம் எடுத்துவையுங்கள். வேட்டியோடு போகலாமா என்று எங்கள் ஊரில் கேட்காமல் இருக்க மாட்டார்கள். 2014-இல் சென்னையில் ஒரு கிளப் வாசலில் உயர் நீதிமன்ற நீதிபதியையே வேட்டிக்காகத் தடுத்து, அது சட்டசபை வரை போய், வேட்டியைத் தடுக்கக் கூடாது என்று சட்டமே வந்துவிட்டது. ஆகவே தமிழ்நாட்டு கிளப் வாசலில் வேட்டிக்காக உங்களை யாரும் நிறுத்த முடியாது. டீயில் நின்று முழு வீச்சில் சுழற்றுவதற்கு முன் மட்டும் பெல்ட்டை ஒரு முறை இறுக்கிக்கொள்ளுங்கள்.