எல்லா ஊரிலும் நிற்கும் எக்ஸ்பிரஸ்

அதிகாலை மூன்று மணி வாக்கில் நார்வேயின் கிழக்கு மூலையில் இருக்கும் வார்டோ துறைமுகத்தில் கப்பல் ஒன்று வந்து அணையும். பக்கவாட்டுக் கதவு திறக்கும். ஃபோர்க்லிஃப்ட் வண்டி கடகடவென்று உள்ளே போய், பிளாஸ்டிக் தாள் சுற்றிய சரக்கு அடுக்குகளைத் தூக்கி வந்து கரையில் வைக்கும். முதுகுப்பையோடு ஓர் ஆள் இறங்குவார். எஞ்சினை அணைக்காமல் காத்திருக்கும் காரில் ஏறி வீட்டுக்குப் போவார். கொஞ்ச நேரம்தான். கதவு மூடும், கயிறு அவிழும், கப்பல் கிளம்பிவிடும். மேல்தளத்து அறைகளில் சுற்றுலாப் பயணிகள் பெரும்பாலோர் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார்கள்.

இந்தப் பயணத்தை ரசிக்கத் தெரிந்தவர் ஒருநாளாவது அலாரம் வைத்து எழுந்து, ஸ்வெட்டருக்கு மேல் கோட்டை மாட்டிக்கொண்டு, இதைப் பார்க்க மேல்தளத்துக்கு வந்திருப்பார்.

பெர்கனில் தொடங்கி, ரஷ்ய எல்லைக்கு அருகே கிர்க்கனெஸ் வரை போய்த் திரும்பும் இந்தத் தடத்துக்கு ‘ஹூர்டிக்ரூட்டன்’ என்று பெயர். விரைவுத் தடம் என்று பொருள். 34 துறைமுகங்கள், போக வரப் பன்னிரண்டு நாள், சுமார் 4,600 கிலோமீட்டர். கப்பலின் வேகம் மணிக்கு 28 கிலோமீட்டர் அளவுதான். எக்ஸ்பிரஸ் என்று போர்டு மாட்டிக்கொண்டு எல்லா நிறுத்தத்திலும் நின்று போகும் பேருந்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. சூதாட்ட அரங்கு, ஆட்டம் பாட்டம், ராத்திரி மேடை நிகழ்ச்சி என்று சொகுசுக் கப்பலை மனதில் வைத்து ஏறுபவர் இரண்டாம் நாளே சலித்துப் போவார். கடலில் ஓடும் மஃப்சல் பஸ்ஸில் ஜன்னலோர சீட்டு கிடைத்திருக்கிறது என்று நினைத்து ஏறுபவருக்குப் பன்னிரண்டு நாள் போதாது.

‘விரைவு’ என்ற பெயர் 1893-ல் பொய்யாக இருக்கவில்லை. அதற்கு முன் ட்ரான்ட்ஹைமில் போட்ட கடிதம் வடகோடி ஹாமர்ஃபெஸ்டுக்குப் போய்ச் சேர கோடையில் மூன்று வாரம் ஆகும். குளிர்காலத்தில் ஐந்து மாதம்கூட ஆகும். பாறையும் குட்டித் தீவுகளும் நிறைந்த கடலில், சூரியனே எழாத மாதங்களில், இருட்டில் கப்பல் ஓட்ட யாரும் துணியவில்லை. ரிச்சர்ட் வித் என்ற கப்பல் தலைவர் முன்வந்தார். அவரும் ஆண்டர்ஸ் ஹோல்ட்டே என்ற வழிகாட்டி மாலுமியும் எந்தத் திசையில், எந்த வேகத்தில், எத்தனை நிமிடம் ஓடினால் எந்தத் திருப்பம் வரும் என்று பல காலமாகக் குறித்து வைத்திருந்தார்கள். திசைகாட்டி, கடிகாரம், அந்தக் குறிப்புகள். இவற்றை நம்பி 1893 ஜூலை 2 அன்று ‘வெஸ்டரோலன்’ என்ற நீராவிக் கப்பல் ட்ரான்ட்ஹைமிலிருந்து கிளம்பியது. மாதக்கணக்கில் கிடந்த கடிதம் நாள்கணக்கில் போகத் தொடங்கியது.

இந்தக் கதை தெரிந்தால் மேல்தளத்தில் நிற்பவரின் பார்வை மாறும். மலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர், பாறை முனையில் ஒற்றையாக நிற்கும் கலங்கரை விளக்கத்தையும், இரு தீவுகளுக்கு நடுவே கப்பல் வளைந்து நுழையும் விதத்தையும் கவனிக்க ஆரம்பிப்பார். தீவு வரிசை மதில் போல நின்று பெருங்கடல் அலையைத் தடுக்க, அதற்கும் கரைக்கும் இடையே அமைதியான நீரில் ஓடும் இந்த வழி மிகப் பழையது. ‘வடக்குப் பாதை’ என்பதிலிருந்துதான் நார்வே என்ற பெயரே வந்ததாகச் சொல்கிறார்கள்.

மதில் இல்லாத இடங்களும் உண்டு. ஸ்டாட் முனை, ஹுஸ்டாட்விகா, லோஃபோட்டனுக்கு முந்தைய வெஸ்ட்ஃபியோர்டு, வடகோடிக் கரை ஆகியவற்றில் கப்பல் திறந்த கடலில் போகும், ஆட்டம் காட்டும். வயிறு புரட்டும் சுபாவம் உள்ளவர்கள் அறை பதிவு செய்யும்போதே கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் கேட்டு வாங்குவது நல்லது. ஊஞ்சலின் நுனி ஆடும் அளவு நடு ஆடாது. மாத்திரையை ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே போட வேண்டும்.

எந்தக் கப்பல் என்ற கேள்வியில் அதிகம் மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை. 2021 முதல் இரண்டு நிறுவனங்கள் இந்தத் தடத்தைப் பங்கிட்டு ஓட்டுகின்றன. ஹூர்டிக்ரூட்டனுக்கு ஏழு கப்பல்கள், ஹவிலாவுக்கு நான்கு. ஹவிலாவின் கப்பல்கள் புதியவை. இயற்கை எரிவாயுவும் பேட்டரியும் கொண்டவை. மலைகளுக்கு நடுவே கடல் நுழையும் ஃபியோர்டுக்குள் எஞ்சின் சத்தமே இல்லாமல் போகக்கூடியவை. பழைய கப்பல்களில் மரமும் பித்தளையும் கொஞ்சம் தேய்மானமும் இருக்கும். இரண்டும் ஒரே துறைமுகங்களில்தான் நிற்கின்றன.

எந்தத் திசை என்பதுதான் யோசிக்க வேண்டிய விஷயம். பாதிப் பயணம் மட்டும் செய்பவர்கள் வடக்கு நோக்கிப் போவதையே தேர்ந்தெடுக்கிறார்கள். வடகோடியைத் தொட்டுவிட வேண்டும் என்ற ஆசை. ஆனால் போகும்போது இரவில் கடந்த ஊர்கள் திரும்பும்போது பகலில் வரும்படி அட்டவணை போடப்பட்டிருக்கிறது. தெற்கு நோக்கி வரும் ஐந்து நாள்களில்தான் வெஸ்டரோலன் தீவுகளும் ராஃப்ட்சுண்ட் நீரிணையும் வெளிச்சத்தில் கிடைக்கின்றன. கல்லாய்ப் போனவர்களின் கதையும் அப்போதுதான் சரியான வரிசையில் வரும்.

அந்தக் கதை இது. குதிரைவீரன் ஒருவன் லேக்கா கன்னி என்ற அழகியைத் துரத்துகிறான். கூட ஓடிவந்த ஏழு சகோதரிகள் களைத்து வழியில் விழுந்துவிடுகிறார்கள். அவள் மட்டும் ஓடுகிறாள். கைக்கு எட்டவில்லை என்ற ஆத்திரத்தில் அவன் அம்பு விடுகிறான். பார்த்துக்கொண்டிருந்த அரசன் ஒருவன் தன் தொப்பியை வீசி அம்பைத் தடுக்கிறான். தொப்பியில் ஓட்டை விழுகிறது. அந்த நேரம் பார்த்துச் சூரியன் உதிக்க, எல்லோரும் கல்லாகிறார்கள். தெற்கு நோக்கி வரும் கப்பலில் முதலில், ஆர்க்டிக் வட்டத்தின் அருகே, குதிரைவீரன் தீவு வரும். பிறகு ஏழு சகோதரிகள் மலைத்தொடர். அதன் பின் டோர்க்ஹாட்டன் என்ற தொப்பி மலை; அதன் நடுவே 160 மீட்டர் நீளத்துக்கு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் துளை. கப்பல் சரியான கோணத்துக்கு வரும் சில நிமிடங்கள் மட்டும் துளை வழியே மறுபக்கத்து வானம் தெரியும். ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்த பிறகு கோட்டைத் தேடுபவருக்கு அது தப்பிவிடும்.

ஆகவே கோட்டு. சுற்றுலாக் கையேடுகளில் இருக்கும் ‘மைனஸ் டிகிரி’ பயமுறுத்தல் ஓரளவுக்குத்தான் உண்மை. அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான நீரோட்டம் காரணமாக இந்தக் கரையில் கடல் உறைவதில்லை. மேல்தளத்தில் ஆளை உலுக்குவது காற்று. ஒரே தடித்த கோட்டைவிட உடம்பை ஒட்டிக் கம்பளி உள்ளாடை, நடுவே ஸ்வெட்டர், மேலே காற்றும் மழையும் புகாத மேலாடை என்று மூன்று அடுக்காகப் போடுவது உதவும். உள்ளே வந்ததும் ஒவ்வொன்றாகக் கழற்றலாம். பருத்தி வேண்டாம், நனைந்தால் காயாது. குளிர்காலத்தில் துறைமுகத் தரையில் பனி கண்ணாடியாக இறுகிக் கிடக்கும். காலணிக்கு அடியில் மாட்டிக்கொள்ளும் இரும்புப் பல் பட்டையை ஊர்க் கடைகளிலேயே வாங்கிவிடலாம். இடுப்பெலும்பு தப்பும்.

கோடையா, குளிர்காலமா? ட்ராம்சோவில் மே 20 வாக்கிலிருந்து ஜூலை 22 வாக்கு வரை சூரியன் அடிவானத்துக்குக் கீழே இறங்குவதே இல்லை. நள்ளிரவில் மேல்தளத்தில் புத்தகம் படிக்கலாம். தூக்கம் மட்டும் வராது. நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை அங்கே சூரியன் எழுவதில்லை. அதைக் கும்மிருட்டு என்று நினைத்துப் பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். நண்பகலை ஒட்டிச் சில மணி நேரம் வானமும் பனியும் கடலும் ஒரே நீலத்தில் ஊறிக் கிடக்கும் வெளிச்சத்தை வேறு பருவத்தில் பார்க்க முடியாது. அந்த நீலத்துக்காகவே போகலாம்.

துருவ ஒளியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. படங்களில் பச்சைப் பட்டாகப் படபடக்கும் அது, மங்கலாக இருக்கும்போது வெறுங்கண்ணுக்குச் சாம்பல் நிற மேகம் போலத்தான் தெரியும். கேமரா நிறத்தைக் கூட்டிக் காட்டும். வலுவாக வரும் இரவுகளில் கண்ணுக்கே பச்சை தெரியும். ஓரங்களில் ரோஜா நிறம்கூட ஓடும். செல்போனை ‘நைட் மோடில்’ வைத்து, கைப்பிடிக் கம்பியில் சாய்த்துப் பிடிக்க வேண்டும். ஃபிளாஷ் போடுபவரைச் சக பயணிகள் மன்னிப்பதில்லை. இருட்டுக்குக் கண் பழகக் கால் மணி நேரமாவது பிடிக்கும் என்பதால், வெளிச்சம் குறைந்த பக்கமாக ஒதுங்கி நிற்பவருக்கே முதலில் தெரியும்.

லோஃபோட்டன் தீவுகளை மூக்காலும் ரசிக்கலாம். குளிர்காலத்தில் பேரன்ட்ஸ் கடலிலிருந்து காட் மீன் முட்டையிட இங்கே வருகிறது. பிடித்த மீனைத் தலை நீக்கி, வால்களை இரண்டிரண்டாகக் கட்டி, மரச்சட்டங்களில் வசந்தம் முழுக்கத் தொங்கவிடுகிறார்கள். உப்பு சேர்ப்பதில்லை, காற்றும் குளிரும் மட்டும். உப்பில்லாக் கருவாடு என்று வைத்துக்கொள்ளலாம். நல்ல சரக்கு இத்தாலிக்கும், தலைகள் நைஜீரியாவுக்கும் போகின்றன. அருகிலுள்ள ட்ரோல்ஃபியோர்டின் வாய் சுமார் 100 மீட்டர் அகலம்தான். 1890-ல் நீராவிக் கப்பல்காரர்கள் வலை கட்டி அந்த வாயை அடைத்துக்கொள்ள, துடுப்புப் படகு மீனவர்கள் திரண்டு வந்து சண்டை போட்டு உள்ளே நுழைந்தார்கள். பாறைச் சுவர்களுக்கு நடுவே கப்பல் நின்ற இடத்திலேயே வட்டமடித்துத் திரும்பும்போது, அத்தனை படகுகளும் இந்த இடுக்கில் மோதியதை நினைத்துப் பார்ப்பது நல்லது. குளிர்காலத்தில் பனிச்சரிவு, கல்சரிவு பயத்தால் கப்பல் உள்ளே போகாது.

இன்னும் வடக்கே போகப் போக ஊர்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை போல இருப்பதைப் பார்த்துச் சிலர் முகம் சுளிப்பார்கள். 1944-ல் பின்வாங்கிய ஜெர்மன் படை ஃபின்மார்க் பகுதியை ஊர் ஊராகக் கொளுத்திவிட்டுப் போனது. ஹோனிங்ஸ்வாகில் தேவாலயம் ஒன்றுதான் மிஞ்சியது. இந்தச் சாதாரண வீடுகள் சாம்பலின் மேல் அவசர அவசரமாக எழுந்தவை. ஹோனிங்ஸ்வாகில்தான் கூட்டம் வட முனைக்குப் பஸ் ஏறுகிறது. 307 மீட்டர் உயரச் செங்குத்துப் பாறை. 1907-ல் சயாம் அரசர் சுலாலங்கோர்ன் வந்து தன் பெயரெழுத்தைக் கல்லில் பொறித்துவிட்டுப் போன இடம். பக்கத்து முனையான க்னிவ்ஷெல்லோடன் இதைவிடச் சற்று வடக்கே நீண்டிருக்கிறது என்பதைக் கட்டணம் கட்டிய பிறகு தெரிந்துகொள்பவர்கள் உண்டு. காற்றில் நிற்கும் அனுபவத்துக்காகப் போகலாம், முதலிடத்துக்காகப் போக வேண்டாம்.

தமிழ்நாட்டுக்காரர் நின்று பார்க்க வேண்டிய கல் ஹாமர்ஃபெஸ்டில் இருக்கிறது. ஹாமர்ஃபெஸ்டிலிருந்து கருங்கடல் வரை 2,820 கிலோமீட்டர் நீளத்துக்கு முக்கோணம் முக்கோணமாக அளந்து பூமியின் வடிவத்தைக் கணிக்க, 1816 முதல் 1855 வரை நடந்த வேலையின் வட நுனி அந்தத் தூண். 1802-ல் சென்னைப் பரங்கிமலை அருகே லாம்டன் என்ற அளவையாளர் சங்கிலி போட்டுத் தொடங்கிய அளவையும் இதே கேள்விக்குத்தான் விடை தேடியது. தெற்கு நோக்கி வரும்போது இங்கே நேரம் கிடைக்கும்.

கப்பலில் காசு கரையும் இடங்கள் இரண்டு: மதுவும் கரைச் சுற்றுலாவும். எல்லாச் சுற்றுலாவுக்கும் பெயர் கொடுப்பவர் பஸ்ஸிலேயே பாதி நாளைக் கழிப்பார். இரண்டு மூன்று போதும். மற்ற ஊர்களில் சும்மா இறங்கி நடக்கலாம். 1904-ல் தீயில் அழிந்து, சில ஆண்டுகளிலேயே அலங்கார முகப்புகளோடு மீண்டெழுந்த ஒலேசுண்டுக்கு இரண்டு காலே போதும். சைவ உணவுக்காரர்கள் பதிவின்போதே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் ரொட்டியும், வெல்லப்பாகு நிறத்தில் தித்திக்கும் பழுப்புப் பாலாடைக்கட்டியும்தான் தோழர்கள். அதுவும் மோசமில்லை. குழாய்த் தண்ணீரைத் தயங்காமல் குடிக்கலாம். எங்கும் கார்டு செல்லும்.

ஒரே ஒரு விதியில் மட்டும் சலுகை கிடையாது. இறங்கும் வாசலில் கிளம்பும் நேரம் எழுதி வைத்திருப்பார்கள். ஆள் வரவில்லை என்று கப்பல் நிற்காது.

2011 ஜூனில் நார்வே அரசுத் தொலைக்காட்சி பெர்கனிலிருந்து கிர்க்கனெஸ் வரையான பயணத்தை 134 மணி நேரம் இடைவெட்டில்லாமல் நேரலையாகக் காட்டியது. கதை இல்லை, வர்ணனை இல்லை. சுமார் ஐம்பது லட்சம் பேர் வாழும் நாட்டில் பாதிக்கு மேற்பட்டோர் எப்போதாவது வந்து எட்டிப் பார்த்தார்கள். ஊர் ஊராகச் சனங்கள் கரைக்கு வந்து கொடி அசைத்தார்கள். அவர்களுக்கு அது வீட்டு வாசலில் நிற்கும் பஸ்.

கிர்க்கனெஸில் கப்பல் திரும்பிய அன்று மாலை நாலு மணி வாக்கில் மறுபடியும் வார்டோ வரும். இந்த முறை சுமார் ஒரு மணி நேரம் நிற்கும். விறுவிறுவென்று நடந்தால் ஊரின் விளிம்பில் ஸ்டைல்நெசெட் நினைவிடத்தைப் பார்த்து வரலாம். பதினேழாம் நூற்றாண்டில் சூனியக்காரர்கள் என்று பழி சுமத்திக் கொல்லப்பட்ட 91 பேருக்காக, கட்டடக் கலைஞர் பீட்டர் சும்தோரும் சிற்பி லூயிஸ் பூர்ஷ்வாவும் உருவாக்கி 2011-ல் திறக்கப்பட்டது. மரச்சாரத்தில் தொங்கும் நீண்ட துணிக்கூடம், உள்ளே இருட்டு, ஆளுக்கொன்றாக 91 சிறு ஜன்னல்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பல்பு, பக்கத்தில் அவர் கதை. பத்துப் பன்னிரண்டு பேரின் கதையைப் படிப்பதற்குள் கைக்கடிகாரத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். திரும்பும் வழியில் துறைமுகத்தில் அதே ஃபோர்க்லிஃப்ட் கடகடவென்று உள்ளே போய் வந்துகொண்டிருக்கும்.