ரோமன் எண்கள்: விதிகளை மனப்பாடம் செய்தால் போதுமா?

ஏழு குறிகள், நான்கைந்து விதிகள், முடிவில் சில பயிற்சிக் கணக்குகள். நம் பள்ளிகளில் ரோமன் எண்கள் பற்றிய பாடம் பெரும்பாலும் இவ்வளவில் முடிந்துவிடுகிறது. Ⅰ என்றால் 1, Ⅴ என்றால் 5, Ⅹ என்றால் 10, Ⅼ என்றால் 50, Ⅽ என்றால் 100, Ⅾ என்றால் 500, Ⅿ என்றால் 1000. ஒரே குறியை மூன்று முறைக்கு மேல் தொடர்ந்து எழுதக் கூடாது. சிறிய குறி பெரிய குறிக்குப் பின் வந்தால் கூட்ட வேண்டும்; முன் வந்தால் கழிக்க வேண்டும். 49ஐ ⅩⅬⅠⅩ என்று எழுதும் மாணவருக்கு மதிப்பெண் கிடைக்கிறது. 50இலிருந்து 1ஐக் கழித்து ⅠⅬ என்று எழுதும் மாணவருக்குச் சிவப்புக் கோடு கிடைக்கிறது. ஏன் என்ற விளக்கம் மட்டும் கிடைப்பதில்லை.

இந்தப் பாடமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கடிகார முகப்பிலும், அரசர் பெயருக்குப் பின்னும், புத்தக முன்னுரையின் பக்கங்களிலும் இவ்வெண்கள் இன்றும் உள்ளன. படிக்கத் தெரிந்திருக்க வேண்டியதுதான். ஆனால் பாடம் நடத்தப்படும் முறையில் இரண்டு குறைகள் உண்டு.

முதலாவது, ஒரு வழக்கத்தை மாறாத சட்டம்போல் காட்டுவது. ரோமானியரே இந்த விதிகளின்படி எழுதினார்களா என்று பாருங்கள். கி.பி. 80இல் திறக்கப்பட்ட கொலோசியம் அரங்கத்தின் வாயில்களில் எண்கள் பொறிக்கப்பட்டிருந்தன. அவற்றுள் 44ஆம் வாயிலின் எண் ⅩⅬⅠⅠⅠⅠ. நாற்பதைக் கழித்தல் முறையில் எழுதியவர்கள், அதன் பக்கத்திலேயே நான்கை நான்கு கோடுகளாக எழுதியிருக்கிறார்கள்! கி.பி. 9இல் ஜெர்மானியக் காடுகளில் நடந்த போரில் மாண்ட மார்க்கஸ் கேலியஸ் என்ற படைத்தலைவரின் நினைவுக்கல் ஜெர்மனியில் கிடைத்தது. அவருடைய 18ஆம் படைப்பிரிவு அதில் ⅩⅠⅠⅩ என்று குறிக்கப்பட்டுள்ளது. அதாவது, இருபதுக்கு இரண்டு குறைவு. நம் தேர்வில் இவ்விரண்டுக்கும் மதிப்பெண் கிடைக்காது. கடிகாரங்களிலும் பலவற்றில் நான்கு மணி ⅠⅠⅠⅠ என்றே இருக்கும். இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் மணிக்கூண்டிலோ ⅠⅤ என்று இருக்கிறது.

நாம் பயிலும் விதிகள் பிற்காலத்தில் நிலைபெற்ற எழுத்து வழக்கம் என்பது இதிலிருந்து தெளிவாகும். ⅠⅬ என்று எழுதியவர் செய்தது எழுத்துப்பிழை, கணக்குப்பிழை அன்று. இரண்டும் இரண்டும் ஐந்து என்பதும் இதுவும் ஒரே வகைத் தவறல்ல. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் விட்டால், கணிதம் என்பதே யாரோ இட்ட கட்டளைகளின் தொகுப்பு என்ற எண்ணம் மாணவர் மனத்தில் பதிந்துவிடும்.

இரண்டாவது குறை இதைவிடப் பெரியது. ரோமன் எண்களைக் கற்பதால் கிடைக்கக்கூடிய தலையாய பயன், நம் எண்முறையின் அருமையை உணர்வதே. பாடம் அதைத் தொடுவதே இல்லை.

ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். ⅭⅭⅩⅩⅤⅠ உடன் ⅭⅩⅩⅩⅠⅠ ஐக் கூட்டுங்கள். குறிகளை ஒன்றாகச் சேர்த்து, ஐந்து Ⅹ குறிகளுக்குப் பதிலாக ஓர் Ⅼ போட்டால் விடை ⅭⅭⅭⅬⅤⅠⅠⅠ, அதாவது 358. இது எளிதுதான். இனி ⅩⅩⅠⅠⅠ ஐ ⅩⅤⅠⅠ ஆல் பெருக்குங்கள். நம் எண்களில் 23 × 17 = 391 என்று இரண்டே வரியில் முடிவது, இங்கே முழி பிதுங்க வைக்கும். ரோமானியர் கணக்கிட்டது கணக்குப் பலகையில் காய்களை நகர்த்தித்தான். எண் குறிகள் விடையைப் பதிவு செய்யவே பயன்பட்டன.

காரணம் என்ன? 222 என்பதில் ஒரே 2, இடத்திற்கேற்ப இருநூறாகவும் இருபதாகவும் இரண்டாகவும் நிற்கிறது. Ⅹ எங்கே நின்றாலும் அதன் அளவு பத்துதான். ஆகவே எண்ணின் நீளத்தைக் கொண்டு அதன் அளவை அறிய முடியாது. 888ஐ எழுதப் பன்னிரண்டு குறிகள் தேவை. ஆயிரத்துக்கு ஒன்றே போதும். பழந்தமிழ் எண்முறையிலும் பத்து (௰), நூறு (௱), ஆயிரம் (௲) ஆகியவற்றுக்குத் தனிக் குறிகள் உண்டு. ஆனால் முந்நூறு எழுத நம் முன்னோர் நூறின் குறியை மூன்று முறை எழுதவில்லை. ௩௱ என்று பெருக்கல் முறையில் எழுதினர். மூன்று முறைகளையும் அடுத்தடுத்து எழுதிக் காட்டினாலே, இடமதிப்பும் சுழியும் எத்தனை பெரிய கண்டுபிடிப்புகள் என்பது மாணவருக்கு விளங்கிவிடும். இந்தியாவில் தோன்றிய அம்முறையை லியோனார்டோ ஃபிபோனாச்சி 1202இல் தம் நூல் வாயிலாக ஐரோப்பிய வணிகருக்கு எடுத்துரைத்தார். அதன் பிறகும் 1299இல் ஃபுளோரன்ஸ் நகர நாணய மாற்றுவோர் சங்கம், கணக்கேடுகளில் அந்த எண்களை எழுதத் தடை விதித்தது. நல்ல முறைகூட எளிதில் இடம்பிடிப்பதில்லை.

ரோமன் எண்களில் சுழிக்குக் குறி இல்லை. இதன் விளைவை இயற்பியலில் இன்றும் காண்கிறோம். நிறமாலையியலில், எலெக்ட்ரான் எதையும் இழக்காத இரும்பு அணு ‘இரும்பு Ⅰ’ எனப்படுகிறது; ஓர் எலெக்ட்ரானை இழந்தது ‘இரும்பு ⅠⅠ’. வேதியியலிலோ ‘இரும்பு (ⅠⅠ)’ என்பது ஆக்சிஜனேற்ற எண் +2 உடைய இரும்பைக் குறிக்கும். ஒரே குறி, பொருள் வேறு. ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்குகிறோமா, சுழியிலிருந்தா என்று கேட்கப் பழகியவர் இங்கே தடுமாறமாட்டார். விதிகளை மட்டும் மனப்பாடம் செய்தவர் கல்லூரிக்கு வந்த பின்னும் தடுமாறுவார்.

ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். இருபது மாற்றுக் கணக்குகளில் பத்தைக் குறைத்துவிட்டு, ஒரே ஒரு பெருக்கலை ரோமன் எண்களில் செய்யச் சொல்லுங்கள். மாணவர்களே, உங்கள் புத்தகத்தில் அது இல்லாவிட்டால் நீங்களாகவே முயன்று பாருங்கள். 23 × 17 இல் தொடங்கலாம், விடை ⅭⅭⅭⅩⅭⅠ. வழியை நீங்கள்தாம் கண்டுபிடிக்க வேண்டும்.